சுமைக்கு வழி

மரக்காணத்து உப்பளத்தில் ஒரு வழக்கம் உண்டு. பாத்திக்கும் பாத்திக்கும் நடுவே ஓடுகிற வரப்பு ஓர் ஆள் அகலம்தான். வாரிக் குவித்த உப்பைப் பெண்கள் தலையில் ஏற்றிக்கொண்டு, அந்த வரப்பு மேலேயே வரிசையாக நடந்து, ரோட்டோரத்து மேட்டில் அம்பாரமாகக் கொட்டுவார்கள். எதிரே யார் வந்தாலும் சரி, கையை வீசிக்கொண்டு வருகிறவர்தான் பாத்தியில் இறங்கி நிற்கவேண்டும். சுமைக்காரி இறங்கமாட்டாள். தலையில் ஈர உப்பு, காலுக்குக் கீழே வழுக்குகிற களிமண். இறங்கினால் என்ன ஆகும் என்று யாருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதை எந்தப் போர்டிலும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் திண்டிவனத்திலிருந்து காரில் வருகிற முதலாளிகூட வெள்ளை வேட்டியை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு, "வாங்கம்மா, பார்த்து வாங்க" என்று உப்புத் தண்ணீரில் இறங்கி நிற்பார். சோதனைக்கு வருகிற ஆபீசர் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்குவார். ஊரில் எந்தத் தெருவிலும், எந்தக் கடை வாசலிலும், பஸ்ஸில் எந்த சீட்டிலும் கிடைக்காத ஒரு மரியாதை அந்தப் பெண்களுக்கு அந்த வரப்பில் மட்டும் கிடைத்தது. அதுவும் தலையில் சுமை இருக்கிற வரைக்கும்தான். அதைப் பிடுங்கத்தான் ஒருவன் வந்து சேர்ந்தான்.

பாலகுரு என்று பெயர். மேற்பார்வைக்குப் புதிதாகப் போட்டிருந்தார்கள். அவன் தன்னை சூப்பர்வைசர் என்று சொல்லிக்கொண்டான். வந்த அன்றைக்கே வரப்பில் எதிரே நடந்து வந்தான், போனைப் பார்த்துக்கொண்டே. வரிசையில் முதல் ஆளாக ஞானமேரி சுமையோடு வந்துகொண்டிருந்தாள். எப்போதும் அவள்தான் முதல் ஆள். அவள் நடை சீராக இருக்கும், பின்னால் வருகிறவர்களுக்கு அதுதான் கணக்கு. சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, தம்பி லாரன்சைப் பிள்ளைபோல வளர்த்து ஆளாக்கினவள். அதிகம் பேசமாட்டாள்.

அவன் நிமிரவேயில்லை. புது ஆளாச்சே, தெரியாமல் வருகிறான், முதல் நாளே முகத்தில் அடித்த மாதிரி எதற்கு என்று ஞானமேரி நினைத்தாள். நினைத்தவள் சுமையோடு மெல்ல ஒரு காலை இறக்கினாள். அவள் இறங்கியதைப் பார்த்துப் பின்னால் வந்த அத்தனை பேரும் இறங்கினார்கள். அவன் பாட்டுக்குப் போய்விட்டான்.

பாருங்கள், அந்த ஒரு கால்தான். அன்றைக்கு அவள் மரியாதைக்காக இறங்கினதை, அவன் மறுநாளே சட்டமாக எடுத்துக்கொண்டான்.

"ஏய், ஆள் வர்றது தெரியல? இறங்குங்கடி" என்றான்.

"சுமை இருக்குது சார்" என்றாள் ஞானமேரி.

"நேத்து இருக்கலையா? நேத்து மட்டும் இறங்கத் தெரிஞ்சுதா?"

ஞானமேரி கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இறங்கினாள். அதற்கப்புறம் அவன் வேண்டுமென்றே சுமை வருகிற நேரம் பார்த்து வரப்பில் நடக்க ஆரம்பித்தான். இறங்கக் கொஞ்சம் தாமதமானால் வாயைத் திறப்பான். காலனிக்காரிகளுக்குக் கொழுப்பு என்பான். குளிக்காத நாற்றம் என்பான். எருமைகூட ஹாரன் அடித்தால் ஒதுங்கும் என்பான். மாரியம்மாளுக்கு வயது அறுபது தாண்டியாயிற்று, அவளையே வாடி போடி என்றான். இன்னும் சொன்னான். அதையெல்லாம் இங்கே சொல்லவேண்டாம், கண்ணுகளா. சொன்னால் வாய் நாறும்.

ஞானமேரிக்குள் அது ஒவ்வொன்றும் போய்த் தங்கியது. கஞ்சி குடிக்கும்போது அவன் குரல் கேட்டது. மாதா கோயிலில் முட்டி போட்டிருக்கும்போதும் கேட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை சாமியார், ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தைக் காட்டச் சொல்லி ரொம்ப அழகாகப் பிரசங்கம் செய்தார். சாமியார் கன்னத்தைப் பற்றிச் சொல்கிறார், வரப்பைப் பற்றி ஒன்றும் சொல்லக் காணோமே என்று எண்ணிக்கொண்டு அவள் பீடத்தருகே நன்மை அப்பம் வாங்கப் போனாள்.

அடுத்த நாள்தான் கலைமதி விழுந்தாள்.

கலைமதி கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண். வரிசையில் மூன்றாவதாக வந்தாள். பாலகுரு எதிரே வந்து நின்று, "இறங்கு, இறங்கு, சீக்கிரம்" என்று கையைத் தட்டினான், கோழியை விரட்டுகிற மாதிரி. அவள் அவசரமாகக் காலை வைத்தாள். களிமண் வழுக்கியது. கூடை ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். கால் உடம்புக்கு அடியில் மடங்கி, பச்சைக் கிளை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ஞானமேரி தன் கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

பாலகுரு வரப்பிலேயே நின்று பார்த்தான். "நடக்கத் தெரியாதவளை எல்லாம் யாருடி வேலைக்குக் கூட்டியாந்தது? கொட்டின உப்பை வாருங்க முதல்ல" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் தள்ளி நடந்து போய் யாருக்கோ போன் பேசினான்.

ஆஸ்பத்திரியில் கணுக்காலில் கட்டுப் போட்டு, மூன்று மாதம் காலை ஊன்றக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஞானமேரி அந்தப் பெண்ணின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். லாரன்ஸ் வந்து நின்றான். அவன் அதே உப்பளத்தில் லாரிக்கு லோடு ஏற்றுகிறவன். முகம் சிவந்திருந்தது.

"அக்கா, நான் பசங்ககிட்ட சொல்லிட்டேன். இன்னிக்கு சாயங்காலம் அவன் வண்டி முதலியார்சாவடி தாண்டாது."

"இன்னா பண்ணப் போறீங்க?"

"அவன் கால ஒடிக்கப் போறோம். ஒரு காலுக்கு ஒரு கால்."

"ஒடிச்சுட்டு?"

"ஒடிச்சுட்டு இன்னா? வர்றது வரட்டும்."

"வர்றது உனக்கு மட்டுமா வரும்? போலீசு வரும். அவங்காளுங்க வருவாங்க. எரியறது யாரு கூரைடா?"

"அப்போ அவன் பேசறதெல்லாம் கேட்டுக்கினு இருக்கச் சொல்றியா? உனக்கு ரோசமே இல்லியாக்கா? சாமியார் சொன்னாருன்னு இன்னொரு காலைக் காட்டலாமா? கலைமதிக்கு இன்னொரு கால் நல்லாத்தான் இருக்குது."

கட்டிலில் கிடந்த கலைமதிக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்துவிட்டது. ஞானமேரி சிரிக்கவில்லை. தம்பியை நேராகப் பார்த்தாள். அவள் கண்ணைப் பார்த்ததும் அவன் கொஞ்சம் பின்வாங்கினான்.

"ரோசமா? உனக்கு இருக்கறது நாளைக்கு ஜெயிலுக்குப் போனா ஆறிடும்டா. எனக்கு இருக்கறது ஆறாது. அவன் குரல்வளையக் கடிச்சுத் துப்பணும்னு எனக்கு இருக்குது. மாதாகிட்ட கூட சொல்லிட்டேன். ஆனா அவன் கால ஒடிச்சா, அவன் காலைப் பத்தித்தான் ஊரு பேசும். இந்தப் பொண்ணு காலை மறந்துடும். வரப்பையும் மறந்துடும். மொத நாளு எறங்கினது நான். ஏறப்போறதும் நான்தான். நீ கைய வச்சுக்கினு சும்மா இரு."

"இன்னா பண்ணப்போற?"

"ஒண்ணும் பண்ணப்போறதில்ல. எறங்கப்போறதில்ல."

மறுநாள் விடிந்தும் விடியாததுமாக வேலை தொடங்கியது. தெற்கே கூனிமேடு பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. கோடை மழை ஒன்று இறங்கினால் பாத்தியில் வாரிக் குவித்ததெல்லாம் கரைந்து கழிவெளி ஏரிக்குத்தான் போகும். லாரி வந்து மேட்டோரம் நின்றது. லாரன்ஸ் மம்பட்டியோடு அதன் மேலே நின்றிருந்தான். ஞானமேரி சும்மாட்டைச் சுருட்டி வைத்தாள். இரண்டு பேர் கூடையைத் தூக்கிவிட்டார்கள். அவள் பின்னால் மாரியம்மாள், அவள் பின்னால் மற்றவர்கள். வரிசை நகர்ந்தது.

பாதி வரப்பில் பாலகுரு எதிரே வந்தான். கையில் போனைத் தவிர ஒன்றுமில்லை. பளபளவென்று புது ஷூ.

"இறங்கு."

ஞானமேரி நின்றாள். "சுமை இருக்குதுங்க. வழி விடுங்க."

"இன்னாது?"

"சுமை இருக்குதுங்க. வழி விடுங்க."

அவள் குரல் ஏறவில்லை. கதவைத் திறக்கச் சொல்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். ஆனால் கூடையின் விளிம்பைப் பிடித்திருந்த கைகளில் நரம்பு கயிறு மாதிரி எழும்பியிருந்தது. அதைப் பாலகுரு பார்க்கவில்லை. பின்னால் நின்ற மாரியம்மாள் பார்த்தாள்.

அவன் ஆரம்பித்தான். உங்கப்பன் வீட்டு வரப்பா என்றான். சோத்துக்கு வழியில்லாமல் வந்த கூட்டத்துக்கு வழி வேண்டுமா என்றான். அவள் அம்மாவை இழுத்தான். செத்துப்போன புருஷனை இழுத்தான். ஒரு பொம்பளை தனியாக இருந்து தம்பியை எப்படி வளர்த்திருப்பாள் என்று எங்களுக்குத் தெரியாதா என்றான், நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி. அவளுக்கும் வாய் இருக்கிறது, கண்ணுகளா. அவன் பிறப்பைப் பற்றி, அவன் வீட்டுப் பெண்களைப் பற்றிச் சொல்ல அவளுக்கும் வார்த்தை தெரியும். அத்தனையும் பல்லுக்குப் பின்னால் வந்து முட்டிக்கொண்டு நின்றது. திறந்துவிட்டால் அவனும் அவளும் ஒன்றாகிவிடுவார்கள். அப்புறம் அது இரண்டு பேர் போட்ட சண்டை என்று ஆகும். கலைமதியின் கால் அதில் எங்கே இருக்கும்?

"சுமை இருக்குதுங்க. வழி விடுங்க" என்றாள்.

ஈர உப்பிலிருந்து தண்ணீர் கசிந்து கூடை வழியே நெற்றியில் இறங்கியது. புருவத்தைத் தாண்டிக் கண்ணில் இறங்கியது. கண் நெருப்பாக எரிந்தது. இரண்டு கையும் கூடையில் இருக்கிறது, எதைக் கொண்டு துடைப்பது? கன்னத்தில் வழிந்தோடியது.

"இன்னாடி, அழுவுறியா?" என்று பாலகுரு சிரித்தான்.

அவள் அழுகிறாள் என்று அவன் நினைத்துவிட்டானே, அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரமாக இருந்தது. கண்ணைச் சிமிட்டாமல் அவனைப் பார்த்தாள். "கூடைத் தண்ணிங்க இது. வழி விடுங்க."

"இரு, எல்லாத்தையும் வீடியோ எடுத்து முதலாளிக்கு அனுப்பறேன். நாளைக்கு ஒருத்திக்கும் வேலை கிடையாது."

"எடுப்பா, நல்லா எடு" என்றாள் மாரியம்மாள் பின்னாலிருந்து. "அப்படியே கலைமதி வூட்டுக்கும் போயி அந்தக் காலையும் எடுத்துச் சேத்து அனுப்பு."

வரிசையில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பை அவனால் தாங்க முடியவில்லை. ஓரடி முன்னால் வந்து ஞானமேரியின் கூடையை ஓங்கித் தட்டிவிட்டான். உப்பு மொத்தமும் பாத்தியில் சரிந்தது. கூடை உருண்டு போய்த் தண்ணீரில் மிதந்தது. ஞானமேரி தடுமாறி, ஒரு முழங்காலை வரப்பில் ஊன்றிக்கொண்டாள்.

லாரி மேலிருந்து லாரன்ஸ் குதித்தது எல்லாருக்கும் கேட்டது. மம்பட்டியோடு வரப்பில் ஏறி ஓடி வந்தான். பாலகுருவின் முதுகுப் பக்கம் அவன். பாலகுரு திரும்பிப் பார்த்து வெளுத்துப் போனான். முன்னாலும் ஆள், பின்னாலும் ஆள், நடுவே ஓர் ஆள் அகலத்து வரப்பு.

முட்டியிலிருந்து எழுந்துகொண்டே ஞானமேரி தம்பியைப் பார்த்தாள். கத்தவில்லை.

"லாரன்சு. கையில சுமை இருக்குதா?"

அவன் மூச்சு வாங்க நின்றான். "இன்னாக்கா கேக்கற? அவன் உன்னைத் தள்றான்..."

"கையில சுமை இருக்குதான்னு கேக்கறேன்."

"...இல்ல."

"அப்போ வரப்புல உனக்கு இன்னா வேலை? எறங்கு."

மம்பட்டி அவன் கையில் ஓங்கியபடியே இருந்தது. ஒரு கணம் அது எந்தப் பக்கம் போகும் என்று அவனுக்கே தெரியவில்லை. அப்புறம் அதை மேட்டுப் பக்கம் வீசி எறிந்தான். வரப்பைவிட்டுப் பாத்தியில் இறங்கி, கணுக்கால் தண்ணீரில் நின்றான். அழுதுகொண்டு நின்றான். அது கூடைத் தண்ணீர் இல்லை.

இதற்குள் மாரியம்மாள் பின்னால் இருந்தவளிடம், "பிடிடி" என்றாள். அவள் தன் சுமையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கை கொடுக்க, இரண்டு பேருமாக மாரியம்மாள் தலையிலிருந்த கூடையை எடுத்து ஞானமேரியின் தலையில் வைத்தார்கள். அவள் மறுபடியும் நின்றாள். இப்போது மாரியம்மாளிடம் சுமை இல்லை. பாலகுருவைப் பார்த்துப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "எனக்கும் சுமை இல்லப்பா" என்று சொல்லிவிட்டு, அந்த வயதான காலை ஒவ்வொன்றாக இறக்கிப் பாத்தியில் நின்றுகொண்டாள்.

"சும்மா இருக்கறவங்க எல்லாம் எறங்கிட்டோம்" என்றாள் அங்கே நின்றபடி. "நீ ஒருத்தன்தான் பாக்கி."

பாலகுரு மறுபடி கையை ஓங்கினான். ஞானமேரி ஒதுங்கவில்லை, குனியவில்லை. அவள் பின்னால் அடுத்த கூடை, அதன் பின்னால் அடுத்த கூடை. எத்தனை தட்டினாலும் அடுத்தது அவள் தலைக்கு வரும் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. கை அந்தரத்திலேயே நின்று, எதற்கோ தூக்கின மாதிரி தலைமுடியைக் கோதிக்கொண்டு இறங்கியது. லாரி டிரைவர் கூனிமேட்டு பாய் ஹாரனை அழுத்தினார். "மழை வருதுங்கோ. லோடு ஏத்தறதா, நான் கிளம்பறதா?" என்று சத்தம் போட்டார்.

"சுமை இருக்குதுங்க. வழி விடுங்க" என்றாள் ஞானமேரி. கழுத்து எலும்பெல்லாம் ஒன்றோடொன்று உரசியது. குரல் மட்டும் முதலில் இருந்த இடத்திலேயே இருந்தது.

பாலகுரு எதையோ முணுமுணுத்தான். ஒரு ஷூவைத் தண்ணீரில் வைத்தான். அது களிமண்ணில் புதைந்தது. இன்னொன்றையும் வைத்தான்.

ஞானமேரி அவனைத் தாண்டி நடந்தாள். அவன் உடனே ஏறப் பார்த்தான். முடியவில்லை. அடுத்த சுமை வந்துவிட்டது. அதற்கடுத்ததும் வந்தது. ஒருத்தியும் ஓடவில்லை, ஒருத்தியும் வேண்டுமென்று மெதுவாகவும் நடக்கவில்லை. எப்போதும் நடக்கிற நடை. ஒருத்தியும் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாரியம்மாளுக்கும் லாரன்சுக்கும் நடுவே, புது ஷூவில் உப்புத் தண்ணீர் நிரம்ப, கடைசிக் கூடை போகிற வரைக்கும் அவன் நின்றான்.

மேட்டில் உப்பைக் கொட்டியதும் ஞானமேரி அம்பாரத்துக்கு அந்தப் பக்கம் போனாள். அங்கே யாரும் இல்லை. இரண்டு கையையும் மூடிக்கொண்டு உப்புக் குவியலைக் குத்தினாள். குத்திக்கொண்டே இருந்தாள். விரல் மூட்டுகளில் வெடிப்பு பிளந்து உப்பு சிவந்தது. லாரன்ஸ் வந்து பார்த்துத் திகைத்து நின்றான்.

"அதான் எறங்கிட்டானேக்கா. இன்னும் கோவம் போவலியா?"

"எதுக்குப் போவணும்?" என்றாள் மூச்சு வாங்க. "அந்தப் பொண்ணு காலு ஒண்ணு சேர்ற வரைக்கும் இருக்கட்டும்."

அவன் சிவந்த உப்பை மம்பட்டியால் தனியே அள்ளி எறிந்தான்.

பாலகுருவை வேலையைவிட்டு எடுக்கவில்லை. முதலாளி வந்து, "ரெண்டு பக்கமும் இதெல்லாம் பெருசு பண்ணாதீங்கம்மா" என்று இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு பக்கம் என்று அவர் சொன்னதைக் கேட்டு மாரியம்மாள் காறித் துப்பினாள். கலைமதி தானாக வழுக்கி விழுந்ததாகத்தான் இன்றைக்கும் பேச்சு. ஆனால் வரப்பில் பாலகுரு சுமையைக் கண்டால் இறங்கினான். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு இறங்கினான்.

மழை விட்டு, பாத்திகளை மறுபடி மிதித்துத் தயார் செய்து, உப்பு பூக்க ஆரம்பித்தபோது ஒரு நாள் ஞானமேரி காலிக் கூடையோடு வரப்பில் திரும்பி வந்துகொண்டிருந்தாள். எதிரே பாலகுரு வந்தான். பாத்திக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டாருக்கு டீசல் கொண்டுபோகிற ஆள் வரவில்லை போலிருக்கிறது. பெரிய கேனைத் தோளில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்து, வேர்த்து ஊற்ற வந்தான். அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

அவளும் நின்றாள். சுற்றிலும் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் வாருபலகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவள் நிற்கலாம். நின்றால் அவன் அந்தச் சுமையோடு களிமண்ணில் கால் வைக்க வேண்டியதுதான். வழுக்கும். மடங்கும். ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று அவள் காதுக்குத் தெரியும். அதைக் கேட்க எவ்வளவு ஆசையாக இருக்கிறது என்று அவள் மனசுக்கும் தெரியும்.

ஞானமேரி பாத்தியில் இறங்கினாள்.

அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. கேனைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"போங்க" என்றாள். "சுமை வச்சிருக்கீங்க."

அவன் நகர்ந்தான். அவளுக்கு நேராக வந்ததும் அவள் சொன்னாள்: "கலைமதிக்கு இன்னும் கட்டுப் பிரிக்கலிங்க. காலனியில வேளாங்கண்ணி மாதா சிலை வச்ச கெபிக்குப் பக்கத்து வூடு. போயி அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க."

அவன் நடை ஒரு தடவை தடுமாறியது. போய்விட்டான்.

நேற்று அவன் இறங்கி நின்றபோதும் அவள் இதையேதான் சொன்னாள். அதற்கு முந்தின நாளும் சொன்னாள். நாளைக்கும் சொல்வாள்.

அவள் வரப்பில் ஏறினாள். கால் வெடிப்பில் உப்புத் தண்ணீர் புகுந்து எரிந்தது. அவன் முதுகைப் பார்த்தபோது ஒரு கெட்ட வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினாள். இறங்குகிற வழியெல்லாம் அது எரித்துக்கொண்டே இறங்கியது. கூடையைக் கவிழ்த்து ஒட்டியிருந்த உப்பைத் தட்டிவிட்டு, அடுத்த சுமைக்கு நடந்தாள்.